மலையில வண்டிய மூணு மாசம் நிறுத்துறப்போ செயினுக்கு லூப் (ஆயில்) எப்போ: நிறுத்தும்போதா, எடுக்கும்போதா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். கோத்தகிரில அப்பா வீட்டுல உங்க 200 சிசி வண்டி ஒண்ணு, அப்பாவோட பழைய 100 சிசி வண்டி ஒண்ணு, நீங்க சென்னையில வேலை, டிசம்பர்ல நிறுத்துனா மார்ச்ல தான் திரும்ப கை வைப்பீங்க. போன தடவை எடுத்தப்போ உங்க வண்டி செயின் பூரா பழுப்பா துரு, கொஞ்சம் ஸ்ப்ரே அடிச்சு ஓட்டிட்டீங்க, இப்போ டக்கு டக்குன்னு சத்தம் வருது. வெளிநாட்டுக்காரங்க போடுற விண்டர் ஸ்டோரேஜ் வீடியோ எல்லாம் நம்ம ஊருக்கு பொருந்துமா, லூப் இப்பவே போடணுமா இல்ல எடுக்குறப்போ போட்டா போதுமா, இதுதானே கேள்வி.

நிறுத்துறதுக்கு முன்னாடிதான் போடணும். அதுவும் கழுவி, காய வெச்சு, அப்புறம். எடுக்குறப்போ போடுற ஆயில் அன்னைக்கு ஓட்டறதுக்குத்தான் உதவும், மூணு மாசம் நின்னப்போ ஏறுன துருவ அது ஒண்ணும் பண்ணாது. சமவெளியில செயின் ஓடி ஓடி தேயும், மலையில நின்னு நின்னு கெடும், இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

வெளிநாட்டு வீடியோ பத்தி சொல்றேன். அவங்க ஊர்ல குளிர்காலத்துல ரோட்டுல ஐஸ் உருகறதுக்கு உப்பு கொட்டுவாங்க, அந்த உப்பு செயின்ல ஒட்டிக்கிட்டு ஈரத்தை இழுத்து வெச்சு துருவ பல மடங்கு வேகமாக்கும், அதனாலதான் அவங்க கழுவு கழுவுன்னு கழுவுறாங்க. நம்ம ரோட்டுல உப்பு கிடையாது, அந்த பயம் வேணாம். ஆனா நமக்கு வேற ஒண்ணு இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் நல்லா இறங்கும். ஊட்டிக்கு மேற்கால அவலாஞ்சி, கூடலூர் எல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லயே நனைஞ்சு முடிஞ்சிருக்கும் (2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுனது ஞாபகம் இருக்கும்), நம்ம பக்கம் டிசம்பர்லயும் தரை ஈரமாவே இருக்கும். மழை விட்ட உடனே நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லு வெள்ளையா நிக்குமே அந்த அளவுக்கு கோத்தகிரில இருக்காது, ஆனாலும் ராத்திரி நல்லா இறங்கும், பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்கும்.

குளிரால செயினுக்கு ஒண்ணும் ஆகாது, இரும்புக்கு சைபர் டிகிரி எல்லாம் ஒரு விஷயமே இல்ல. பிரச்சனை இந்த ஏத்த இறக்கம்தான். ராத்திரி பூரா இரும்பு குளிர்ந்து கிடக்கும், காலைல வெயில் வந்ததும் காத்து சூடாகி தரையில இருக்கிற ஈரத்தை தூக்கிட்டு வரும், இரும்பு மட்டும் இன்னும் சில்லுன்னு இருக்கும், அந்த காத்து இரும்புல பட்டதும் தண்ணியா படியும். காலைல ஏழு, எட்டு மணிக்கு போய் பெட்ரோல் டேங்கை தொட்டு பாருங்க, கை நனையும். அதே தண்ணி செயின் தகட்டுக்கு நடுவுலயும் படியுது, அங்க வெயில் படாது, காத்தும் போகாது, சாயங்காலம் வரைக்கும் காயாது. இது தினமும் நடக்கும், மூணு மாசம் நடக்கும். மழையே பெய்யாம செயின் துரு பிடிக்கறது இப்படித்தான்.

இப்போ உங்க ரெண்டு வண்டியும் ரெண்டு ஜாதி செயின், அதை பிரிச்சு பாக்கணும். உங்க 200 சிசில இருக்கறது ஓ-ரிங் செயின். பின், அதுக்கு மேல புஷ், அதுக்கு மேல உருளுற ரோலர், ரெண்டு பக்கமும் தகடு, இதுதான் எந்த செயினுமே. ஓ-ரிங் செயின்ல பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கம்பெனியிலேயே கிரீஸ் அடைச்சு, தகட்டு இடுக்குல சின்ன ரப்பர் வளையம் போட்டு சீல் பண்ணிருப்பாங்க. நீங்க வெளிய என்ன ஆயில் ஊத்துனாலும் அந்த கிரீஸ் கிட்ட போகாது, போகவும் தேவையில்ல. வெளி ஆயிலோட வேலை தகடும் ரோலரும் துரு பிடிக்காம பாத்துக்கறது, ரோலர் பல் சக்கரத்துப் பல்லுல உக்காரும்போது உராய்வை குறைக்கறது, அந்த ரப்பர் காஞ்சு வெடிக்காம பாத்துக்கறது. ரப்பர் போச்சுன்னா உள்ள இருக்கிற கிரீஸ் வெளிய, தண்ணி உள்ள, அந்த கண்ணி கதை முடிஞ்சது. அப்பா வண்டியில இருக்கறது சாதா செயின், ரப்பர் கிடையாது, அதுல ஆயில் பின் வரைக்கும் போயே ஆகணும், போகலைன்னா பின்னும் புஷ்ஷும் இரும்போட இரும்பு தேயும். செயின் நீண்டு போச்சுன்னு சொல்றோமே, உண்மையில இரும்பு இழுத்து நீளறதில்ல, ஒவ்வொரு பின்லயும் தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து நூத்துக்கும் மேல இருக்கிற கண்ணியில மொத்தமா தெரியுது, அவ்வளவுதான்.

கழுவறது. வாட்டர் சர்வீஸ்ல கொண்டு போய் விட்டு அடிச்சுட்டு வந்து அப்படியே மூடி வைக்கறதுதான் நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது, அதைத்தான் பண்ணக்கூடாது. பிரஷர் தண்ணிய செயின்ல நேரா பிடிச்சா ரப்பரை தாண்டி உள்ள போகும், அதுக்கு மேல பளபளப்புக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே பண்ணி குடுப்பாங்க, அது தண்ணிய வெளிய விடாம மூடிடும். வண்டிய கழுவுங்க வேணாம்னு சொல்லல, ஆனா செயின் வேலைய வீட்டுல நீங்களே பண்ணுங்க, கழுவுன அன்னைக்கே நிறுத்தாம கொஞ்ச தூரம் ஓட்டி காய விட்டுட்டு பண்ணுங்க.

மண்ணெண்ணெய் கொஞ்சம், பழைய டூத் பிரஷ் ஒண்ணு, பனியன் வேஸ்ட் ஒரு கை அளவு, அட்டை ஒரு துண்டு. மெக்கானிக் கடையில கேட்டா பனியன் வேஸ்ட் குடுப்பாங்க, புதுசா துணி வாங்காதீங்க. மண்ணெண்ணெய் இப்போ கிடைக்கறதே கஷ்டமா போச்சு, கிடைக்கலைன்னா ஓ-ரிங் செயினுக்குன்னே வர்ற செயின் கிளீனர் வாங்கிக்கோங்க. பெட்ரோலோ தின்னரோ வேணவே வேணாம், ரப்பரை ஊற வெச்சு கெடுத்துடும், அதோட வீட்டு வாசல்ல பெட்ரோல் கிண்ணத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்ல. இரும்பு கம்பி பிரஷும் கூடாது, ரப்பரை கிழிக்கும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வெச்சு, சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோங்க. சாவி விஷயத்தை ஏன் தனியா சொல்றேன்னா, ஃபர்ஸ்ட் கியர்ல வண்டிய ஓட விட்டு துணிய செயின்ல பிடிச்சா வேலை சீக்கிரம் முடியும்னு பண்றவங்க இருக்காங்க, துணி செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவுல மாட்டுனா விரலையும் சேர்த்து இழுத்துட்டு போயிடும், கைய எடுக்க நேரமே இருக்காது. அப்படி விரல் போனவங்க நிறைய. சக்கரத்தை கையால மட்டும் சுத்துங்க, அதுவும் பின்னோக்கி, செயின் பல்லை விட்டு வெளிய வர்ற பக்கம் துணிய பிடிங்க. சென்டர் ஸ்டாண்ட் இல்லைன்னா பேடாக் ஸ்டாண்ட் (பின் சக்கரத்தை தூக்கி நிறுத்துற தனி ஸ்டாண்ட்), அதுவும் இல்லைன்னா வண்டிய ஒரு அடி ரெண்டு அடியா தள்ளி தள்ளி பண்ணுங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.

மண்ணெண்ணெய துணியில நனைச்சு துடைங்க, செயினை அதுல ஊற போடாதீங்க. நம்ம பக்க செம்மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து ரோலருக்கு நடுவுல கரு கருன்னு ஒரு பசை மாதிரி நிக்கும், விரல்ல எடுத்து தேய்ச்சு பாருங்க நறநறன்னு இருக்கும், அதுதான் பல்லையும் ரோலரையும் அரைக்கிறது, ஈரத்தை பிடிச்சு வெச்சுக்கறதும் அதே பசைதான். அதை பிரஷ் போட்டு நாலு பக்கமும் எடுங்க. முன்னால இருக்கிற சின்ன ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) மூடிய ரெண்டு மூணு போல்ட் கழட்டி திறந்தா உள்ள இதே பசை கட்டி கட்டியா இருக்கும், அதை யாரும் எடுக்கறதில்ல. அதை எடுக்காம செயினை மட்டும் சுத்தம் பண்ணா நூறு கிலோமீட்டர்ல பழையபடி ஆயிடும்.

துடைச்சதும் காயணும், இங்கதான் நம்ம ஊர்ல அவசரப்படக்கூடாது. டிசம்பர்ல மிஸ்ட் இறங்கிட்டா நாள் பூரா வெச்சாலும் துணியே காயாது, செயின் எங்க காயும். வெயில் இருக்கிற நாளா பாத்து, காலைல கழுவி, மதியம் ஒரு பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, கட்டபெட்டு வரைக்கும் போய்ட்டு வந்தா கூட போதும். ஓடி வந்த செயின் தொட்டா லேசா வெதுவெதுப்பா இருக்கும், இடுக்குல இருந்த ஈரமும் போயிருக்கும், இப்போ போடுற ஆயில் உள்ள நல்லா இறங்கும். வெயிலே வரலைன்னா டபிள்யூடி-40 மாதிரி தண்ணிய தள்ளுற ஸ்ப்ரே லேசா துணியில அடிச்சு துடைச்சு எடுக்கலாம், அதோட பேரே தண்ணிய வெளியேத்தறதுக்கு வெச்சதுதான், 1953-ல கண்டுபிடிச்சது. ஆனா அது லூப் இல்ல. ரொம்ப சன்னம், கொஞ்ச நாள்ல ஆவியா போய் வெறும் இரும்பு நிக்கும். அதை அடிச்சுட்டு மூணு மாசம் நிறுத்துனா ஒண்ணுமே போடாத மாதிரிதான்.

எந்த ஆயில்னு கேட்டா, தினமும் ஓட்டுற வண்டிக்கு ஒரு பதில், நிக்கற வண்டிக்கு வேற பதில். ஓட்டுற வண்டிக்கு ஸ்ப்ரே லூப் நல்லது, தெறிக்காது, மண் கம்மியா ஒட்டும். நிக்கற வண்டிக்கு என் ஓட்டு எஸ்ஏஇ 90 கியர் ஆயிலுக்கு. ஓடும்போது தெறிச்சு ரிம்மெல்லாம் அழுக்காக்கும்னு தான் அதை திட்டுவாங்க, நிக்கற வண்டியில அது தெறிக்கறதுக்கு வழி இல்லையே. கனமா படலமா நிக்கும், ரப்பருக்கும் கெடுதல் இல்ல, விலையும் கம்மி, நிறைய வண்டி மேனுவல்ல அதைத்தான் போட்டிருப்பாங்க. வேக்ஸ் டைப் ஸ்ப்ரே குளிர்ல அடிச்சா மேலாக்க வெள்ளையா படிஞ்சு நிக்கும், இடுக்குல இறங்காது, அதை வெயில் நாள்ல மட்டும் அடிங்க.

இன்ஜின்ல இருந்து எடுத்த பழைய ஆயில் வேணாம், அதுல இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும். கிரீஸை வெளிய அப்பறதும் வேணாம், உள்ள போகாது, மண்ணை மட்டும் இழுத்து ஒட்ட வைக்கும். உங்க அப்பா தேங்காய் எண்ணெய் போட்டா என்னன்னு கேட்டதா எழுதிருந்தீங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி கிட்டயே உறைஞ்சிடும் சார், நம்ம வீட்டு பாத்ரூம்ல பாட்டிலை தலைகீழா கவுத்தாலும் வராது, செயின்ல அது எப்படி வேலை செய்யும். அதோட கோயில் விளக்குல ஊத்துற எண்ணெய்க்கே கரடி கதவை உடைச்சுட்டு உள்ள வர்ற ஊர் நம்ம ஊரு, வண்டிய வேற எண்ணெய் மணக்க வெச்சு எதுக்கு வம்பு.

கியர் ஆயிலும் காலை குளிர்ல தேன் மாதிரி கனமாயிடும், சொட்டாது. பாட்டிலை சுடுதண்ணி இருக்கிற பக்கெட்ல ஒரு பத்து நிமிஷம் வைங்க, அடுப்புல வைக்காதீங்க. மருந்து கடை சிரிஞ்சு ஒண்ணு வாங்கி ஊசிய எடுத்து போட்டுட்டு அதுல ஆயிலை இழுத்துக்கோங்க. டயர்லயும் டிஸ்க்லயும் ஆயில் படாம இருக்க செயினுக்கும் டயருக்கும் நடுவுல அட்டைய சொருகுங்க. செயினோட கீழ் ஓட்டத்துல, உள் பக்கமா, அதாவது பல்லு படற பக்கமா போடணும், ஓடும்போது ஆயில் வெளிப்பக்கம் தானா போகும். ஒவ்வொரு கண்ணியிலயும் வெளித் தகடும் உள் தகடும் சேர்ற இடுக்கு ரெண்டு பக்கமும் இருக்கும், ஓ-ரிங் அங்கதான் உக்காந்திருக்கு, ஒரு சொட்டு அந்த இடுக்குல, ஒரு சொட்டு ரோலர் மேல. சொட்டு விழுந்ததும் பாத்துக்கிட்டே இருங்க, தகட்டு ஓரமா கருப்பா ஒரு கோடு மெதுவா ஓடி இடுக்குக்குள்ள காணாம போகும், அப்படி போச்சுன்னா சரியான இடத்துல போட்டிருக்கீங்க. மேலேயே உருண்டையா நின்னா அங்க இன்னும் ஈரமோ மண்ணெண்ணெயோ இருக்குன்னு அர்த்தம், துடைச்சுட்டு திரும்ப போடுங்க. செயின் லாக் (செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற கிளிப்) இருக்கிற கண்ணிய அடையாளமா வெச்சுக்கிட்டா எங்க ஆரம்பிச்சீங்கன்னு தெரியும். முழுசா போட்டு முடிச்சு, சக்கரத்தை நாலஞ்சு சுத்து சுத்தி, அரை மணி நேரம் விட்டு, வழியறதை மட்டும் துடைங்க. ஓட்டுற வண்டின்னா நல்லா துடைக்க சொல்வேன், நிறுத்துற வண்டின்னா மெல்லிசா ஒரு படலம் வெளித் தகட்டுலயும் இருக்கட்டும். கீழ ஒரு பழைய அட்டைய போட்டு வைங்க, ரெண்டு நாள் சொட்டும். டயர்லயோ டிஸ்க்லயோ பட்டிருக்கான்னு கடைசியா ஒரு தடவை பாத்துடுங்க, மார்ச்ல முதல் கொண்டை ஊசி வளைவுல அது தெரிய வரக்கூடாது.

அப்பா வண்டிக்கு இவ்வளவு பாடு கிடையாது, அதுல செயினை முழுசா மூடுற கேஸ் இருக்கு. அந்த கேஸை அசிங்கமா இருக்குன்னு கழட்டி போடறவங்களை பாத்தா எனக்கு கோவம் வரும், செயினுக்கு அதைவிட பெரிய பாதுகாப்பு எதுவும் இல்ல. மைசூர்ல 1961-ல இருந்து 96 வரைக்கும் செஞ்ச ஜாவா, எஸ்டி எல்லாத்துலயும் அப்படித்தான் மூடி வெச்சிருந்தாங்க, நம்ம மலை எஸ்டேட்ல அந்த வண்டிங்க காலம் தள்ளுனதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு. கேஸ்ல கீழயோ பக்கத்துலயோ ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்தா செயின் தெரியும், வருஷக்கணக்கா அதை யாருமே எடுத்திருக்க மாட்டாங்க. ஒரு தடவை கேஸ் பாதிய கழட்டி துடைச்சு, கியர் ஆயிலை தாராளமா விடுங்க, சாதா செயின் ஆச்சே, பின் வரைக்கும் போகணும். அந்த காலத்துல செயினை கழட்டி கிரீஸ்ல போட்டு காய்ச்சி எடுப்பாங்கன்னு பெரியவங்க யாராவது சொல்வாங்க, அது உண்மைதான், சாதா செயினுக்கு சரியான வேலையும்கூட, ஆனா அதை உங்க ஓ-ரிங் செயினுக்கு பண்ணா ரப்பர் அத்தனையும் வெந்து போயிடும்.

எங்க நிறுத்தறதுன்னு பாப்போம், ஆயிலுக்கு சமமான விஷயம் இது. திறந்த வெளியில நின்னா ராத்திரி இரும்பு வானத்துக்கு சூட்டை விட்டு காத்தைவிட சில்லுன்னு ஆயிடும், மேல ஒரு தகரக் கூரை இருந்தாலே பனி படியறது ரொம்ப குறையும். வெறும் மண் தரையில நிறுத்தாதீங்க, பலகையோ ரப்பர் மேட்டோ போடுங்க. எல்லாரும் பண்ற தப்பு பிளாஸ்டிக் தார்ப்பாயை தரை வரைக்கும் போத்தி கயிறு கட்டி வைக்கறது. மழை உள்ள வராது, ஆனா தரையில இருந்து ஏறுற ஈரம் வெளிய போகாது, காலைல தார்ப்பாய் உள்பக்கம் தண்ணி முத்து முத்தா தொங்கும். பழைய காட்டன் பெட்ஷீட் போதும், சீட்டுக்கும் டேங்குக்கும் மட்டும், சக்கரம் தெரியற மாதிரி கீழ காத்து ஓடட்டும்.

சரிவுல கியர்ல போட்டு நிறுத்தற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, ஊர் அப்படி. ஒரு ராத்திரிக்கு பரவால்ல, மூணு மாசத்துக்கு வேணாம், வண்டியோட பாரத்தை செயின்தான் தாங்கிட்டு நிக்கும், முன் பல்லுல மடங்கி இருக்கிற அதே கண்ணிங்க அதே மடக்குல இறுகிடும். சமதரையில சென்டர் ஸ்டாண்ட், நியூட்ரல். அப்பாகிட்ட சொல்லி பத்து நாளைக்கு ஒரு தடவை பின் சக்கரத்தை கையால ரெண்டு சுத்து சுத்த சொல்லுங்க, மடங்குன கண்ணி மாறட்டும், ஆயில் பரவட்டும். வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விட்டு ஆஃப் பண்றது மட்டும் வேணாம், பாசம்தான், ஆனா இன்ஜின் முழுசா சூடாகாம சைலன்சர்ல தண்ணி தேங்கும். மத்தபடி டேங்கை ஃபுல் பண்ணிடுங்க, இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அது ஈரத்தை இழுக்கும், காலி டேங்க்ல இடம் அதிகம். பேட்டரி நெகட்டிவ் ஒயரை கழட்டிடுங்க. எலிக்கும் குரங்குக்கும் நீங்கதான் ஏதாவது வழி பாக்கணும், எனக்கு தெரிஞ்ச வழி எதுவும் வேலை செய்யல.

இனி மார்ச். ஷீட்டை எடுத்ததும் ஸ்ப்ரேவ தேடாதீங்க, முதல்ல பாருங்க. சக்கரத்தை மெதுவா சுத்திக்கிட்டே செயின் பின் சக்கரப் பல்லை விட்டு வெளிய வர்ற இடத்துல கண்ணை வைங்க, எல்லா கண்ணியும் நேராகி போகும், ஏதாவது ஒண்ணு ரெண்டு மடங்குனபடியே சின்ன திருகலோட போகும், அதுதான் இறுகுன கண்ணி. இப்போ உங்க வண்டியில வர்ற டக்கு டக்கு சத்தத்துக்கு எனக்கு முதல் சந்தேகம் இதுமேலதான், போன வருஷம் துரு மேல ஸ்ப்ரே அடிச்சு ஓட்டுனதால துருத்தூளும் ஆயிலும் உள்ள கலந்து அரைச்சிருக்கும். மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, அந்த கண்ணிய ரெண்டு கையாலயும் இடம் வலமா மடக்கி மடக்கி பாருங்க, இளகுனா ஆயில் விட்டு ஓட்டி திரும்ப செக் பண்ணுங்க. இளகலைன்னா, இல்ல ரப்பர் வெடிச்சோ காணாமலோ போயிருந்தா, அதுக்கு வைத்தியம் இல்ல. துருவும் ரெண்டு மாதிரி. துணியில துடைச்சா பழுப்பா வந்து அடியில இரும்பு வழவழன்னு தெரிஞ்சா அது மேல் துரு, பயம் இல்ல. நகத்தால தடவும்போது குழி குழியா தட்டுப்பட்டா, அதுவும் ரோலர் மேல, செயினை மறந்துடுங்க.

தேய்மானம் பாக்கறதுக்கு ஸ்கேல் போதும். செயின் தகட்டுல நம்பர் அடிச்சிருப்பாங்க. 428-னா ஒரு கண்ணி 12.7 மி.மீ., 520-னா 15.875 மி.மீ. செயினை இறுக்கமா பிடிச்சு 20 கண்ணி, அதாவது முதல் பின் நடுவுல இருந்து 21-வது பின் நடு வரைக்கும் அளந்தா 428-ல 254 மி.மீ., 520-ல 317.5 மி.மீ. வரணும். 428-ல 259, 520-ல 323 தொட்டாச்சுன்னா மாத்திடுங்க. ஸ்கேலும் இல்லையா, பின் சக்கரத்துல செயினை பின்பக்கமா விரலால இழுங்க, பல்லு பாதிக்கு மேல வெளிய தெரிஞ்சா முடிஞ்சது. பல்லு ஒரு பக்கமா சாஞ்சு கொக்கி மாதிரி ஆகியிருந்தாலும் அதே தீர்ப்பு. மாத்தும்போது செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டா மாத்துங்க, தேஞ்ச பல்லுல புது செயினை போட்டா அதையும் சீக்கிரம் தின்னுடும். லாக் வர்ற செயினா இருந்தா அந்த கிளிப்போட மூடுன பக்கம் செயின் ஓடுற திசைய பாக்கணும், திறந்த பக்கம் முன்னால போனா ஏதாவது தட்டி கழண்டு போகும். மெக்கானிக் போட்டாலும் நீங்க ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

லூஸ், அதாவது செயினோட கீழ் ஓட்டம் நடுவுல மேல கீழ எவ்வளவு ஆடலாம்னு, ஸ்விங்ஆர்ம்ல (பின் சக்கரத்தை பிடிச்சிருக்கிற கம்பி) ஸ்டிக்கர் இருக்கும், பொதுவா 20-ல இருந்து 30 மி.மீ. வரைக்கும் வரும், உங்க வண்டிக்கு என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஒரே இடத்துல பாக்காதீங்க, சக்கரத்தை சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க, எங்க அதிக டைட்டோ அங்க அளவு சரியா இருக்கணும். ரொம்ப டைட் வெச்சா கியர்பாக்ஸ் பேரிங்கும் சக்கர பேரிங்கும் போகும், ஆளு உக்காந்தா செயின் இன்னும் இழுக்கும், அதை மறந்துடக்கூடாது. ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே இடத்துல நிக்கணும். அப்பா வண்டியில பின் பிரேக் டிரம், சக்கரம் பின்னால நகர்ந்தா பிரேக் ராடு இழுபட்டு பிரேக் பிடிச்சபடி நிக்கும், அதனால செயின் டைட் பண்ணதும் பிரேக்கையும் சரி பண்ணணும், இதை விட்டுட்டு டிரம் சூடாகுதுன்னு வர்றவங்க நிறைய.

சமவெளிக்காரங்க இதெல்லாம் கொஞ்சம் விட்டு பிடிக்கலாம், நமக்கு முடியாது. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது செகண்ட் கியர்ல இன்ஜின்தான் வண்டிய பிடிச்சு நிறுத்துது, அந்த நேரத்துல செயினோட கீழ் ஓட்டம் விறைப்பா, மேல் ஓட்டம் தொளதொளன்னு இருக்கும், ஏறும்போது அப்படியே தலைகீழ். லூஸ் செயின் ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டு பக்கமும் அடிபடும். இறுகுன கண்ணியோட அது அறுந்ததுன்னா இன்ஜின் பிரேக்கிங் அந்த நொடியே போச்சு, அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்ல சுருண்டா பின் சக்கரமே லாக் ஆகலாம், கிராங்க்கேஸும் (இன்ஜினோட வெளிக்கூடு) உடையலாம். அதனால டிசம்பர்ல நிறுத்தறதுக்கு முன்னாடியே அந்த டக்கு டக்கு சத்தத்தை பாத்து முடிவு பண்ணிடுங்க, கெட்டுப்போன செயினுக்கு ஆயில் போட்டு மூணு மாசம் பாதுகாத்து என்ன பண்ண போறீங்க. புதுசா மாத்துனீங்கன்னா முதல் 300, 400 கிலோமீட்டர்ல கொஞ்சம் தொளதொளக்கும், ஒரு தடவை டைட் பார்த்துட்டு அப்புறம் நிறுத்துங்க.

கடைசியா, துடைச்ச மண்ணெண்ணெயையும் அழுக்கையும் வாசல் கால்வாயில ஊத்தாதீங்க, அது நேரா கீழ இருக்கிற ஓடைக்குத்தான் போகுது, அங்க தண்ணி பிடிக்கிற வீடுங்க இருக்கு. ஒரு டப்பால பிடிச்சு மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயில் டிரம்ல ஊத்திடுங்க, பனியன் வேஸ்டையும் அங்கயே குடுத்துடலாம். செயின் நம்பரும், 20 கண்ணி அளவும், பல்லு போட்டோ ஒண்ணும் அனுப்புங்க, மாத்தணுமா வேணாமான்னு பாத்து சொல்றேன்.